பெடல் செட் கோணல் என்றால் அடித்தகட்டை அறுங்கள்

வீட்டில் நானே கட்டுகிற காருக்காக வெளியூரில் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கிய பெடல் செட், அதாவது பெடல்களும் அவற்றைத் தாங்கும் தகடுகளும் சேர்ந்த அமைப்பு, வந்து சேர்ந்தது. பவுடர் கோட்டிங் எல்லாம் போட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரேமில் வைத்துப் பார்த்தால் நாலு போல்ட் ஓட்டையில் ரெண்டுதான் சேர்கிறது. அதையும் இழுத்து முறுக்கினால் பிரேக் பெடல் கிளட்ச் பக்கம் சாய்ந்து நிற்கிறது, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்புகிற உருளை) ஒரு திசையைப் பார்க்கிறது, பெடல் வேறு திசையைப் பார்க்கிறது. செய்தவரிடம் போனில் கேட்டதற்கு "ஓட்டைய கொஞ்சம் ராவி விடுங்க, உக்காந்துக்கும்" என்று பதில் வந்தது. ராவி விட்டால் உட்காரும்தான். உட்கார்ந்த பிறகு அது எப்படி வேலை செய்யும் என்பதுதான் விஷயம், அதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கார் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பத்தமடைக்கு இந்தப் பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டின எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒரு இஞ்சு ஸ்குயர் பைப்பில் நானே வெல்டிங் அடித்த பிரேம். கூரை இல்லை, ரெண்டே சீட். பழைய ஆம்னி ஒன்றின் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். ஆம்னியை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாருதி 800-லும் 796 சிசி மூணு சிலிண்டர் எஞ்சின்தான், ஆனால் அங்கே அது குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கும். ஆம்னியில் நீளவாக்கில் உட்கார்ந்து ப்ரொப்பெல்லர் ஷாப்ட் வழியாகப் பின் சக்கரத்தைத் தள்ளும். காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் அடிப்படையும் முன்னால் எஞ்சின், பின்னால் இழுவை, நடுவில் ஆள் என்பதுதான். இங்கிலாந்தில் அந்தக் காரைப் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் முழுக் காருக்கு உண்டான விற்பனை வரி கிடையாது என்பதால் நிறையப் பேர் வீட்டிலேயே பூட்டினார்கள். நமக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை. ஆசைதான்.

இந்த மாதிரிக் குறுகலான காரில் கால் வைக்கிற இடம்தான் பெரிய சங்கடம். நம்மூரில் ஸ்டியரிங் வலது பக்கம், ஆகவே கியர்பாக்ஸ் மூடி டிரைவரின் இடது கால் பக்கம் வருகிறது. முன்னால் போகப் போக அது அகலமாகிறது, வலது பக்கம் பிரேம் பைப் உள்ளே சாய்கிறது. நடுவில் மிஞ்சுகிற சந்தில் மூணு பெடல். பெரிய காரில் பெடல் அரை இஞ்சு விலகினால் ஒருவருக்கும் தெரியாது, இதில் அரை இஞ்சு விலகினால் பிரேக் மிதிக்கும்போது செருப்பு ஓரம் ஆக்சிலேட்டரில் படும்.

அதனால் செட்டைத் திட்டிக்கொண்டிருக்காமல் முதலில் எங்கே எவ்வளவு கோணல் என்று அளந்தேன். கோணல் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அது எதில் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் எதை அறுப்பது என்று முடிவு செய்ய முடியும். இதற்குக் கொத்தனார் சாமான்கள் போதும். பின் ஆக்ஸில் நடுவிலிருந்து முன் பம்பர் பைப் நடுவுக்கு ஒரு நூல் கட்டினேன், அது காரின் நடுக்கோடு. அதற்கு இணையாக டிரைவர் சீட் நடுவில் இன்னொரு நூல். பெடல் செட் வரவேண்டிய இடத்துக்கு மேலே தூக்குக்குண்டு தொங்கவிட்டு அடித்தளத்தில் புள்ளி. பிரேமின் குறுக்குப் பைப் ரசமட்டத்தில் சரியாக இருந்தது, நூலோடு மூலைமட்டம் வைத்தால் அதுவும் சரி. ஆக பிரேமில் குற்றம் இல்லை என்று உறுதியாயிற்று. இந்த உறுதி இல்லாமல் பெடல் செட்டில் கை வைக்கவே கூடாது, ஏனென்றால் கோணல் பிரேமுக்கு ஏற்ப நேரான செட்டைக் கோணலாக்கிவிடுவோம்.

அடுத்து செட்டைத் தனியாகத் தளமான இரும்புப் பலகையில் வைத்து ஷாப்ட்டைக் கோர்த்துப் பார்த்தேன். அடித்தகடு ஒன்று, அதன் மேல் ரெண்டு பக்கத் தகடு, அவற்றுக்கு நடுவே பெடல்கள் சுழலும் ஷாப்ட், முன்னால் மாஸ்டர் சிலிண்டர் பூட்டுகிற தகடு, இவ்வளவுதான் மொத்தமும். ஷாப்ட் ஒரு முனையில் உயர்ந்து இன்னொரு முனையில் தாழ்ந்திருந்தது. எட்டு இஞ்சு நீளத்துக்குள் ரெண்டு நூல் வித்தியாசம். (பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்கு: ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் என்பது மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.) காரணம் வெல்டிங்கைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு பக்கத் தகட்டுக்கு உள்பக்கம் மட்டும் முழு நீளத்துக்கு ஒரே ஓட்டமாக வெல்டிங் ஓடியிருக்கிறது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருந்தால் இழுப்பும் இழுப்பும் சமமாகியிருக்கும். அவசரத்தில் செய்த வேலை. பெயிண்ட் அடித்துவிட்டால் அவசரம் வெளியே தெரியாது.

இனி முக்கியமான அளவு. பெடல் நிமிர்ந்து நிற்பதும் சாய்ந்து நிற்பதும் கண்ணுக்குத்தான் உறுத்தும், காருக்கு உறுத்துவது வேறு: பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிற புஷ் ராடு, சிலிண்டரின் ஓட்டைக்கு நேராகப் போகிறதா என்பது. அதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பேட்டைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் லேத் அண்ணாச்சியிடம் இதற்கு ஒரு வேலை சொன்னேன். காயலான் கடையில் கிடைத்த பழைய மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஆடாமல் வழுக்கிப் போகும் அளவில் ஒரு பிரைட் ராடைக் கடைந்து, அதன் முனையைப் பென்சில் மாதிரி கூராக்கித் தரச் சொன்னேன். அந்தச் சிலிண்டரைச் செட்டில் பூட்டி ராடை உள்ளிருந்து பெடல் பக்கம் தள்ளினால், கூர் முனை எங்கே தொடுகிறதோ அதுதான் சிலிண்டர் பார்க்கிற இடம். பெடலில் ராடு பூட்டுகிற ஓட்டை எங்கே இருக்கிறது, முனை எங்கே தொடுகிறது, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முனை ஓட்டைக்கு இடது பக்கம் மூணு நூல் தள்ளித் தொட்டது. பவுடர் கோட்டிங் மேல் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது, ஓட்டையின் நடுவிலிருந்து அந்தக் கீறலுக்கு ஸ்கேல் வைத்து அண்ணாச்சியும் நானும் குனிந்து பார்த்தோம்.

"என்னவே, மூணு நூலு ஒரு பெரிய விஷயமா? ராடை லேசா வளைச்சு விட்டாச் சோலி முடிஞ்சு" என்றார்.

அவர் சொல்வது பல பட்டறைகளில் நடக்கிற வேலைதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வளைந்த ராடு அழுத்தும்போது இன்னும் வளையப் பார்க்கும், காலுக்கு ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும், ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது மடங்கும். சரி, ராடை வளைக்காமல் கோணலாகவே விட்டால்? அதற்குக் கணக்கு இருக்கிறது. அதை அங்கேயே சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினேன்.

பூஸ்டர், அதாவது கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் சாதனம், இல்லாத பிரேக் இது. காலால் 30 கிலோ அழுத்துகிறோம் என்று வையுங்கள். பெடலின் சுழல்முனையிலிருந்து பாதம் படும் இடம் 225 மில்லிமீட்டர், ராடு பூட்டும் இடம் 45 மில்லிமீட்டர், ஆகவே அஞ்சுக்கு ஒண்ணு. ராடில் 150 கிலோ போகிறது. முக்கால் இஞ்சு சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 2.85 சதுர சென்டிமீட்டர், எனவே பிரேக் லைனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 52 கிலோ சொச்சம் அழுத்தம். இதே இடத்தில் 7/8 இஞ்சு சிலிண்டர் போட்டால் பரப்பு 3.88, அழுத்தம் 39 கிலோவுக்குள் இறங்கிவிடும், ஆனால் பெடல் குறைவாக இறங்கும். பூஸ்டர் இல்லாதபோது சிலிண்டர் சின்னதாகவும் பெடல் விகிதம் அஞ்சு, ஆறு என்றும் இருப்பது இதனால்தான். இது ஒரு புறம். ராடின் நீளம் 100 மில்லிமீட்டர், விலகல் மூணு நூல் அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் என்றால் சாய்வு அஞ்சு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 150 கிலோவில் 14 கிலோ பக்கவாட்டில் பிஸ்டனைச் சுவரோடு நெருக்கும். பயந்து முழுக்காலையும் அழுத்தினால் 30 கிலோவில் நிற்காது, அதைப்போல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு போகும், பக்கவாட்டு நெருக்கமும் அதே கணக்கில் ஏறும். ஒவ்வொரு மிதிக்கும், ஆயில் கசியாமல் பிஸ்டனை அடைக்கிற ரப்பர் கப் ஒரே ஓரத்தில் தேயும், பிஸ்டன் ஒரே இடத்தில் உரசும், சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழும். அப்புறம் மிதித்துப் பிடித்த பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்க ஆரம்பிக்கும்.

என் பெரியப்பா அம்பாசடரும் ஜீப்பும் கழற்றியே வயதானவர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்கு அந்தக் கணக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "ஏலே, பழைய சிலிண்டரக் கழத்துனா மொதல்ல கப்பப் பாரு. ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்துச்சுன்னா கப்பு மேல குத்தம் இல்ல, ராடு கோணலாப் போவுதுன்னு அர்த்தம்" என்றார். கூர் ராடு வைத்துப் பார்ப்பதற்காக வாங்கிய அந்தக் காயலான் கடைச் சிலிண்டரின் கப்பை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். கப்பின் விளிம்பு ஒரு பாதி கூர்மையாகவும் மறு பாதி உருண்டும் இருந்தது, உருண்ட பக்கம் தொட்டால் கறுப்பாக விரலில் ஒட்டியது. அது எந்த வண்டியில் இருந்ததோ, அதை ஓட்டியவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

ஆக முடிவு இதுதான்: ராடை வளைக்கக் கூடாது, ஓட்டையை ராவக் கூடாது, வாஷர் கொடுத்து நிமிர்த்தவும் கூடாது. வாஷர் கொடுத்தால் பார்வைக்கு நேராகும், ஆனால் அடித்தகடு நாலு மூலையில் மட்டும் தாங்கி நடுவே அந்தரத்தில் நிற்கும், ஒவ்வொரு மிதிக்கும் அது வளைந்து நிமிரும். வெல்டிங் இழுத்த இடத்தை அறுத்துத்தான் ஆகவேண்டும். லேத் அண்ணாச்சி கணக்கைப் பார்த்துவிட்டு, "சரிதான், அப்ப அடியவே மாத்திருவோம்" என்று கட்டிங் வீலை எடுத்தார். நல்ல வேலைக்காரர், காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

அடித்தகட்டைப் பக்கத் தகடுகளிலிருந்து முழுதாகப் பிரித்தோம். சிலிண்டர் தகட்டையும் பிரித்தோம். பழையது அஞ்சு மில்லிமீட்டர், புதிதாக ஆறு மில்லிமீட்டர் தகடு வெட்டி, அதைக் கனமான ஒரு சேனல் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கினோம், ஆறும்போது தப்பித்து வளையாதபடி. பக்கத் தகடுகளை நிறுத்துவதற்கு முன்பே ஷாப்ட்டைக் கோர்த்துவிட வேண்டும், இதுதான் முழு வேலையின் சூட்சுமம். தகடுகளைத் தனித்தனியாக நிறுத்தி வெல்டிங் அடித்துவிட்டு அப்புறம் ஷாப்ட்டை நுழைத்தால் நுழையாது, நுழைந்தாலும் பிடிக்கும். ஷாப்ட் கோர்த்தபடியே மூலைமட்டம் வைத்து, முனையில் ஒரு டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்), குறுக்கே எதிர்முனையில் ஒரு டேக், மறுபடி மூலைமட்டம். நேராக இருந்தால் மட்டும் அடுத்த டேக். முழு வெல்டிங்கையும் ஒரே ஓட்டமாக விடாமல் ஒரு இஞ்சு இங்கே, ஒரு இஞ்சு அங்கே, நடுவே ஆறவிட்டு. தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது என்று அண்ணாச்சி பையன்களைத் தடுத்துக்கொண்டே இருந்தார். டீ குடிக்கப் போய் வந்தால் தானாக ஆறியிருக்கும் என்பது அவர் கணக்கு.

சிலிண்டர் தகடு கடைசி. அதில் பழைய சிலிண்டரைப் பூட்டி, கூர் ராடை உள்ளே விட்டு, முனை பெடல் ஓட்டையின் நடுவில் குத்தும்படி தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டுதான் டேக் வைத்தோம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை விட்டால் பக்கவாட்டில் நேராக்கியும் மேல்கீழில் கோணலாகிவிடும். பெடல் சுழல்வது வட்டத்தில், பிஸ்டன் போவது நேர்கோட்டில். ராடு பூட்டுகிற ஓட்டை பெடலோடு வட்டமாக நகரும்போது உயரம் மாறும். பிஸ்டன் 20 மில்லிமீட்டர் போகிறது என்று கொண்டால், பெடல் ஓய்வில் இருக்கும்போது அந்த ஓட்டை ஷாப்ட்டுக்கு நேர் மேலே இருக்கும்படி வைத்தால், முழுக்க மிதிக்கும்போது கிட்டத்தட்ட அஞ்சு மில்லிமீட்டர் இறங்கிவிடும். பாதி மிதியில் நேர் மேலே வரும்படி வைத்தால், முதலிலும் கடைசியிலும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அதனால் பெடலைப் பாதி மிதித்த நிலையில் கட்டை கொடுத்து நிறுத்திவைத்து, அந்த நிலையில்தான் கூர் ராடைச் சேர்த்தோம். செய்து விற்பவர்கள் பலர் பெடலை ஓய்வு நிலையில் வைத்தே அளந்துவிடுகிறார்கள், படத்தில் அதுதான் நேராகத் தெரியும்.

வெல்டிங் முடிந்து ரீமர் விட்டு ஓட்டைகளைச் சீராக்கி, கன்மெட்டல் புஷ் (ஷாப்ட் உள்ளே சுழல்கிற உறை) அடித்து, கிரீஸ் போகிற துளை வைத்தாயிற்று. ஷாப்ட்டைக் கோர்த்துப் பெடலைத் தூக்கி விட்டால் தன் எடையில் தானாக விழுந்தது. அது விழுகிற சத்தத்தைக் கேட்கும்போது வந்த நிம்மதி எஞ்சின் முதலில் ஓடியபோதுகூட வரவில்லை.

காரில் எங்கே பூட்டுவது என்பதைப் பழைய ஓட்டைகள் தீர்மானிக்க விடவில்லை, கால் தீர்மானிக்க வேண்டும். சீட்டை அதன் இடத்தில் பூட்டி, முன்னால் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தி, உட்கார்ந்து கண்ணை மூடிக் காலை நீட்டினால் பாதம் தானாக எங்கே போய்ப் படுகிறதோ அங்கே தம்பி சாக்பீஸால் வட்டம் போட்டான். செருப்பு போட்டு ஒரு முறை, வெறுங்காலில் ஒரு முறை. நம்மூரில் ஷூ போட்டு ஓட்டுகிறவர்கள் குறைவு, அகலமான லெதர் செருப்பின் ஓரம் எவ்வளவு இடம் எடுக்கும் என்று வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே ரெண்டு இஞ்சு இடைவெளி விட்டேன், ஆக்சிலேட்டர் பிரேக்கைவிட ஒரு இஞ்சு தாழ்வாக. பிரேக்கை நன்றாக அழுத்தினால் ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வரும், அதற்கு மேல் தாழாது. கிளட்சுக்கு இடது பக்கம் காலை ஓய்வாக வைக்கக் கியர்பாக்ஸ் மூடி இடம் தரவில்லை, அதனால் கிளட்சுக்குக் கீழே பின்னால் தள்ளி ஒரு சின்னத் தகடு. கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவது ரிலீஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிரேம் பக்கம் ரெண்டு குறுக்குப் பைப்புக்கு நடுவே 3 மில்லிமீட்டர் தகடு வெறுமனே இருந்தது. அதன் மேல் செட்டைப் பூட்டினால் செட் எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை, மிதிக்கும்போது தகடு உள்வாங்கி மறுபடி கோணல் வரும். கீழே ரெண்டு ஆங்கிள் கொடுத்து, போல்ட்டுகள் ஆங்கிள் வழியாகப் போகும்படி செய்தேன். போல்ட் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், நட் தானாகக் கழலாத நைலாக். மாணவர்கள் கட்டுகிற பார்முலா ஸ்டூடன்ட் கார்களுக்கு விதியே இருக்கிறது: பிரேக் பெடலும் அதைத் தாங்கும் அமைப்பும் 2000 நியூட்டன், அதாவது 200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். ஒரு ஆள் சீட்டில் முதுகு கொடுத்து உயிர் பயத்தில் உதைத்தால் என்ன ஆகும் என்பதை நினைத்து வைத்த விதி. சீட் பைப்புக்கும் பெடலுக்கும் நடுவே ஸ்குரூ ஜாக்கி கொடுத்து மெல்ல ஏற்றி, அடித்தகட்டில் நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் அசைந்ததே தவிர ஓடவில்லை. ஜாக்கியை இறக்கியதும் பூஜ்யத்துக்குத் திரும்பியது, அதுதான் பார்க்க வேண்டியது. திரும்பாவிட்டால் எங்கோ ஒரு இடம் நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று பொருள்.

ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, சிலிண்டரிலிருந்து ரிசர்வாயருக்கு (ஆயில் தொட்டிக்கு) போகிற சின்ன ஓட்டை மூடியே கிடக்கும், ஓட ஓடப் பிரேக் சூடாகி, ஆயில் விரிந்து, போக வழியில்லாமல் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இது சீக்கிரமே நடக்கும். இதைப் பார்க்க எளிய வழி: ரிசர்வாயர் மூடியைத் திறந்துவைத்து, இன்னொருவரைப் பெடலைக் கையால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். அழுத்த ஆரம்பித்த உடனே ஆயில் மேல் சின்னதாக ஒரு கொப்பளிப்பு வர வேண்டும். வந்தால் ஓட்டை திறந்திருக்கிறது, அழுத்தும்போதுதான் மூடுகிறது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், புதுப் பெயிண்ட் பக்கத்தில் இருந்தால் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் சமாச்சாரம் சுருக்கமாக. கிளட்ச், ஆக்சிலேட்டர் ரெண்டுமே கேபிள்தான். பெடல் கோணலாக இருந்தபோது ஆக்சிலேட்டர் கேபிளின் முனைக் குமிழான நிப்பிள் அருகே கம்பி பக்கவாட்டில் இழுபட்டு உராயும் நிலை. ஒரு இழை அறுந்து சுருண்டு உறைக்குள் சிக்கினால் ஆக்சிலேட்டர் திரும்பாது, அது பிரேக் போவதைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. இப்போது நேராகப் போகிறது. ஆனாலும் ரிட்டர்ன் ஸ்பிரிங் ரெண்டு போட்டிருக்கிறேன், ஒன்று கார்புரேட்டரில், ஒன்று பெடலில். பெடலுக்குக் கீழே ஒரு போல்ட் ஸ்டாப், முழுக்க மிதித்தால் பாரம் கேபிளில் இல்லாமல் போல்ட்டில் விழும்படி.

இதை எல்லாம் படித்துவிட்டு ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-ஆம் பிரிவுப்படி பதிவு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது. பதிவு செய்யவோ, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி மாதிரி வண்டியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்துக்குக் கொடுத்துத் தேற வேண்டும், அது தொழிற்சாலைகளுக்கானது. பழைய ஆம்னியின் ஆர்.சி.யை இதற்குப் பயன்படுத்தவும் முடியாது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இந்தச் சட்டம் எனக்கு நியாயமாகவே படுகிறது, எனக்கு வந்த அந்தப் பெடல் செட்டோடு ஒரு வண்டி வண்ணார்பேட்டை நெரிசலில் வந்தால் நான் அதன் முன்னால் நிற்கமாட்டேன். என் கார் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில், வேலிக்குள் ஓடும், போக வர லோடு வண்டி. என்றைக்காவது கோயம்புத்தூர் செட்டிபாளையம் ட்ராக்கில் விடக் கிடைத்தால் பாக்கியம். அந்த ட்ராக்குக்குப் பெயர் கொடுத்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்துப் பார்முலா மாருதி என்று ஒற்றை சீட் பந்தயக் காரையே உருவாக்கியவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கார் கட்டுகிற கிறுக்கு இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று வீட்டில் சொல்ல எனக்கு அவர்தான் ஆதாரம்.

கடைசியாக ஒரு வேலை. பெடல் செட்டுக்கு மேலே வருகிற மூடியை ரிவெட் அடிக்காமல் போல்ட்டில் வைத்திருக்கிறேன். ராடைப் பெடலோடு சேர்க்கிற கிளெவிஸ் பின்னும் அதன் ஸ்பிளிட் பின்னும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன, ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை மூடிக்குப் பக்கத்திலேயே கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். அடுத்து ஸ்டியரிங் தண்டு. அது கிளட்ச் பெடலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகும் என்று இன்னும் அளக்கவில்லை.